ரேட்டிங்கைச் சொன்னால் பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஆடியவரின் ரேட்டிங் என்ன என்று செஸ் செயலிகள் சொல்லிவிடுகின்றன என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று அதை முடித்திருந்தார்கள். நான் குழந்தைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பவன். போட்டிகளில் நடுவராகவும் உட்காருகிறவன். கட்டுரை வந்ததிலிருந்து பெற்றோர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது. பானையில் எல்லாப் பருக்கையும் ஒரே தீயில், ஒரே நேரம் வேகிறது. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். ஒருவர் ஆடும் ஆட்டங்கள் அப்படி ஒரே பதத்தில் இருப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ரேட்டிங் என்பது என்ன? அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ வகுத்த முறை இது. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலக அமைப்பான ஃபிடே 1970-லும் இதை ஏற்றுக்கொண்டன. இதில் ஆட்டத்தின் அழகுக்கோ துல்லியத்துக்கோ மதிப்பெண் கிடையாது. யாரோடு ஆடினீர்கள், வென்றீர்களா, தோற்றீர்களா, டிராவா, அவ்வளவுதான் கணக்கு. இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் 100 ஆட்டங்களில் சுமார் 64 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 200 வித்தியாசம் என்றால் 76, 400 என்றால் 91. அதாவது ரேட்டிங் என்பது இனி வரும் முடிவுகளைப் பற்றிய ஓர் எதிர்பார்ப்பு.

செயலி செய்வது வேறு வேலை. ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரு எஞ்சினிடம் (செஸ் ஆடும் கணினி நிரல்) காட்டி, எஞ்சின் சொல்லும் சிறந்த நகர்த்தலோடு ஒப்பிட்டு, எவ்வளவு இழந்தீர்கள் என்று கூட்டிப் பார்க்கிறது. அதிலிருந்து 'துல்லியம் 91 சதவீதம்' என்று ஓர் எண் வருகிறது. இந்த அளவு துல்லியத்தோடு ஆடுகிறவர்கள் வழக்கமாக எந்த ரேட்டிங்கில் இருக்கிறார்கள் என்று பார்த்து, '1850' என்கிறது. ஆயிரம் பேரின் சராசரிக்கு இது சரியாக வரலாம். ஒரு ஆளின் ஒரு ஆட்டத்துக்கு வருமா என்பதுதான் கேள்வி.

இந்தத் துல்லிய எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். இணையத்தில் செஸ் ஆடும் லிச்செஸ் தளம் தன் சூத்திரத்தை மறைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். எஞ்சின் சிப்பாய்க் கணக்கில் தரும் மதிப்பை முதலில் வெற்றி வாய்ப்பாக மாற்றுகிறார்கள். நகர்த்தலுக்கு முன்னும் பின்னும் அந்த வாய்ப்பு எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து அந்த நகர்த்தலுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சமநிலையில் இருக்கும்போது மூன்று சிப்பாய் மதிப்புள்ள தவறு செய்தால் வெற்றி வாய்ப்பு 50-லிருந்து ஏறக்குறைய 25-க்கு விழும். அந்த நகர்த்தலுக்கு மதிப்பெண் சுமார் 31. அதே மூன்று சிப்பாய்த் தவறை, நீங்கள் ஒன்பது சிப்பாய் மதிப்புக்கு முன்னிலையில் இருக்கும்போது செய்தால்? வாய்ப்பு 96-லிருந்து 90-க்குத்தான் இறங்கும். மதிப்பெண் 75. இந்தக் கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் கொஞ்சம் அசட்டையாக ஆடினால் முடிவு மாறாது என்பது உண்மைதான். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். எதிராளி பத்தாவது நகர்த்தலில் ராணியை விட்டுவிட்டால், மிச்ச ஆட்டம் முழுக்க உங்கள் துல்லியம் தானாகவே மேலே மிதக்கும். எதிராளி கடைசி வரை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், உங்கள் சிறு தடுமாற்றம்கூடக் கணக்கில் ஏறும். ஆக, உங்கள் எண்ணில் பாதி எதிராளி எழுதியது.

அடுத்து, மனப்பாடம். பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க ஆட்ட முறையில் ஒரு பிரபலமான டிரா வழி உண்டு. நடுவில் குதிரைகளும் சிப்பாய்களும் வெட்டுப்படும். ராணியும் ராணியும் ஒன்றையொன்று துரத்தி, அதே நிலை மூன்று முறை வந்து, 14 நகர்த்தலில் கை குலுக்கிவிடலாம். பெரிய கிராண்ட்மாஸ்டர்கள்கூட ஓய்வு வேண்டும்போது இதை ஆடியிருக்கிறார்கள். என்னிடம் படிக்கும் சின்னப் பையன் ஒருவனுக்கு இது தலைகீழாகத் தெரியும். அவனும் அவன் நண்பனும் இதை ஆடிவிட்டு செயலியிடம் காட்டினால் இரண்டு பேருமே உலகத் தரம் என்று வருகிறது. இருவருக்கும் தாங்கமுடியாத சந்தோஷம். யானை, ராஜா, சிப்பாய் மட்டும் மிஞ்சும் சாதாரண கடைசிக் கட்டத்தைக் கொடுத்தால் இருவரும் திருதிருவென முழிப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். நடுவர் மேஜைக்கு இது வேறு முகத்தோடு வருகிறது. குழந்தைகள் போட்டி ஒன்றில் சுற்று முடிந்ததும் ஒரு தகப்பனார் போனை நீட்டிக்கொண்டு வந்தார். அவருடைய மகன் தோற்றிருந்தான். ஆட்டத்தைச் செயலியில் ஏற்றியிருக்கிறார். எதிரில் ஆடிய பையன் 2250 தரத்தில் ஆடியதாகத் திரையில் நிற்கிறது. அந்தப் பையனின் ஃபிடே ரேட்டிங் 1500-க்கும் கீழே. "எப்படி சார் இது? நீங்களே சொல்லுங்க" என்றார். குரலில் கேள்வி இல்லை, தீர்ப்புதான் இருந்தது. அந்தப் பையன் பக்கத்திலேயே தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஸ்கோர் ஷீட்டை வாங்கி, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். மொத்தம் 27 நகர்த்தல். முதல் 11 நகர்த்தல் இத்தாலியன் ஓபனிங்கில் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருப்பது. 13-வது நகர்த்தலில் அவர் மகன் ஒரு குதிரையைக் காவல் இல்லாமல் விட்டான், எதிராளி எடுத்தான். எடுக்காமல் விட்டால்தான் ஆச்சரியம். அதற்குப் பிறகு நான்கு வெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் பதில் வெட்டு. பதில் வெட்டு வெட்டவேண்டிய இடத்தில் வேறு எதை ஆடுவது? கடைசியில் ஒரு காய் அதிகமாக இருக்கிறவன் செய்யவேண்டியதைச் செய்து, காய்களை மாற்றிக்கொண்டே போய் முடித்திருக்கிறான். சொந்தமாக யோசித்து ஆடவேண்டிய இடம் என்று நான் கோடு போட்டது ஐந்தோ ஆறோதான். அதில் இரண்டில் எஞ்சின் வேறு வழி சொல்லியிருந்தது. 2250 என்ற எண் இந்த ஐந்தாறு நகர்த்தலின் மேல்தான் நிற்கிறது. எழுத்தில் புகார் தருவதற்கு வழி இருக்கிறது, ஆனால் ஆதாரமே இல்லாத புகார் என்று தெரிந்தால் தந்தவர் மீதே நடவடிக்கை வரலாம் என்பதையும் சொன்னேன். சரி என்று போனை மடக்கிக்கொண்டு போனார். சமாதானமாகப் போனார் என்று சொல்லமாட்டேன். அந்தப் பையனோ அடுத்த சுற்றில் ஏதோ குற்றவாளி மாதிரி தலை குனிந்து உட்கார்ந்து ஆடினான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. என்னிடம் படிக்கும் ஒரு மாணவி, தோற்கும் நிலைக்கு வந்துவிட்டால் எஞ்சின் சொல்கிற 'சிறந்த' நகர்த்தலை ஆடவே மாட்டாள். அது மெதுவாகத் தோற்கிற வழி என்பது அவளுக்குத் தெரியும். பலகையைக் குழப்புவாள். இன்னொரு சிப்பாயையும் கொடுத்து, எதிராளி ராஜாவின் பக்கம் ஒரு கோட்டைத் திறப்பாள். எஞ்சின் அதற்குச் சிவப்புக் கேள்விக்குறி போடும். எதிரில் இருப்பது மனிதர் என்பதால், கடிகாரத்தில் மூன்று நிமிடம் மிச்சமிருக்கையில் அந்த எதிராளிக்குச் சரியான பதில் தெரியாது. இப்படி மீண்டு வந்து ஜெயித்த ஆட்டங்களுக்கெல்லாம் செயலி அவளுக்குப் போடும் ரேட்டிங் அவளுடைய உண்மையான ரேட்டிங்கைவிட நூற்றுக்கணக்கில் குறைவு. ஒரு பயிற்சி நிலையத்தில் இந்தச் செயலி எண்ணை வைத்தே குழந்தைகளை வகுப்பு பிரித்தார்கள். அவளைக் கீழ் வகுப்பில் போட்டார்கள். அதனால்தான் அவள் என்னிடம் வந்து சேர்ந்தாள். எனக்கு லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் உலக சாம்பியன் மிகயில் தால் இன்று ஆடியிருந்தால் அவருக்கும் இதே கதிதான். 1960-ல் அன்றைய சாம்பியன் போட்வின்னிக்கோடு ஆடிய உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு 21-வது நகர்த்தலில் குதிரையை எஃப்4 கட்டத்தில் தியாகம் செய்தார். அரங்கில் எழுந்த சலசலப்பில் ஆட்டத்தையே உள் அறைக்கு மாற்றவேண்டியதாயிற்று. அந்தத் தியாகத்துக்கு முறியடிப்பு உண்டு என்று பின்னால் அலசியவர்கள் காட்டினார்கள். பலகை எதிரே உட்கார்ந்திருந்த போட்வின்னிக்கால் அது முடியவில்லை. தால் ஜெயித்தார், பட்டமும் பெற்றார். துல்லிய மதிப்பெண்ணில் அந்தக் குதிரைக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சராசரி எதை மறைக்கும் என்பதற்கு 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனுக்கும் குகேஷுக்கும் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14-வது ஆட்டத்தைவிட நல்ல சாட்சி இல்லை. நம் வாசகர்கள் யாருக்கும் அதை நினைவூட்டத் தேவையில்லை. டிங் லிரன் மணிக்கணக்காகச் சரியாகத் தாங்கிக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிரா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் மாறின. உடனே குகேஷ் தன் பிஷப்பை டி5-ல் வைத்தார். ஏ8 மூலையில் மாட்டியிருந்த வெள்ளை பிஷப்புக்குத் தப்ப இடமில்லை, அதுவும் மாறியது. ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலையில் கறுப்புக்கு வெற்றி உறுதி. 58-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது, 7.5-6.5 என்று பட்டம் கை மாறியது. அத்தனை நகர்த்தலில் ஒன்று. கூட்டி வகுத்தால் அந்த ஒன்று கரைந்துபோகும். ஆட்டத்தின் முடிவை எழுதியது அதுதான். ரேட்டிங் மாறுவதும் முடிவை வைத்துத்தான்.

நகர்த்தல்களை வைத்து வலிமையை அளப்பதே வீண் வேலை என்று நான் சொல்லவரவில்லை. ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த மாதேய் கூயித்தும் இவான் பிராட்கோவும் 2006-ல் உலக சாம்பியன்களின் பட்டப் போட்டி ஆட்டங்களை கிராஃப்டி என்ற எஞ்சினைக் கொண்டு அலசினார்கள். முதல் 11 நகர்த்தல்களை விட்டுவிட்டு, 12-லிருந்துதான் எண்ணினார்கள். மிகக் குறைந்த சராசரிப் பிழை கேப்பாப்ளாங்காவுக்கு வந்தது. அதோடு நிற்காமல், ஒவ்வொருவர் சந்தித்த நிலைகளும் எவ்வளவு சிக்கலானவை என்பதையும் அளந்தார்கள். கேப்பாப்ளாங்கா எளிமையான நிலைகளை நாடிப்போனவர் என்பது அதில் தெரிந்தது. எளிய கேள்வித்தாளில் எடுத்த மதிப்பெண்ணையும் கடினமான கேள்வித்தாளில் எடுத்த மதிப்பெண்ணையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்ற விவேகம் அவர்களுக்கு இருந்தது.

பஃபலோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரீகன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவரே ஒரு சர்வதேச மாஸ்டர். ஹாவர்த் என்பவரோடு சேர்ந்து 2011-ல் வெளியிட்ட முறையில், முடிவுகளையே பார்க்காமல் நகர்த்தல்களிலிருந்து மட்டும் ரேட்டிங் கணித்தார். முதல் 8 நகர்த்தல் கணக்கில் இல்லை. ஒரு பக்கம் மூன்று சிப்பாய்க்கு மேல் முன்னிலை என்றால் அந்த நிலையும் கணக்கில் இல்லை. திரும்பத் திரும்ப வரும் நிலையும் இல்லை. மேலே நான் புலம்பிய மனப்பாடம், அசட்டை வெற்றி, ராணித் துரத்தல் எல்லாமே வடிகட்டப்பட்டுவிடுகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் ரீகன் ஒற்றை எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை; இங்கிருந்து இங்கு வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பைச் சேர்த்தே கொடுக்கிறார். ஒரு வீரர் ஒரு முழுத் தொடரில் ஆடிய ஆட்டங்களையெல்லாம் எடுத்துக்கொண்டாலும் அந்த வரம்பின் அகலம் நூற்றுக்கணக்கில்தான் வருகிறது. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு வரும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். செயலித் திரையில் காணாமல்போனது அந்த வரம்புதான்.

முடிவுகளை வைத்துக் கணித்தாலும் இந்தப் பிரச்சினை உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சம பலமுள்ளவர்களோடு, டிரா இல்லாமல் 25 ஆட்டம் ஆடினால்கூட, எலோ சூத்திரப்படி மேலும் கீழும் சுமார் 135 புள்ளிவரை சந்தேகம் இருக்கும். 100 ஆட்டம் ஆடினால் அது 70-க்குப் பக்கத்தில் வரும். புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறையில் இந்தச் சந்தேகத்தையே ஓர் எண்ணாக்கி ரேட்டிங்கோடு சேர்த்து வைத்திருப்பார்கள். லிச்செஸில் புதிதாக வந்தவரின் ரேட்டிங் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்குமே, அது இதுதான். அந்தக் கேள்விக்குறியை ஒரு ஆட்ட மதிப்பீட்டுக்கும் போடுவதில் யாருக்கு என்ன கஷ்டம்?

இன்னொன்று, எந்த ரேட்டிங்? ஒரு தளத்தில் சில நிமிடங்களில் முடியும் பிலிட்ஸ் ஆட்டத்தின் 1700-ம், மணிக்கணக்கில் ஆடும் ஃபிடேயின் கிளாசிக்கல் 1700-ம் ஒன்றல்ல; ஆடுகிற கூட்டம் வேறு, நேரம் வேறு. ஃபிடேயே 2024 மார்ச் 1 அன்று, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-லிருந்து எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக்கொடுத்தது. முதல் நாள் இரவு 1500 ஆக இருந்த குழந்தை காலையில் 1700. ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தவில்லை. பழைய ரேட்டிங்கோடு பொருத்தி வைத்த மதிப்பீடு எதுவும் அன்றைக்குக் காலை அந்தக் குழந்தைக்கு 200 புள்ளி பிசகியிருக்கும். எஞ்சினின் அளவுகோலும் நிலையானது இல்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து, ஒரு சிப்பாய் முன்னிலை என்றால் எஞ்சின்கள் தமக்குள் ஆடும்போது பாதி வெற்றி வாய்ப்பு என்று அளவை மாற்றிக்கொண்டது. சிப்பாய்க் கணக்கில் சராசரிப் பிழை எடுப்பவர்களுக்கு, அதே நகர்த்தலுக்குப் பழைய பதிப்பில் ஓர் எண், புதிதில் ஓர் எண்.

'செயலியில் 1600 ரேட்டிங் போட்ட கம்ப்யூட்டரை ஜெயித்துவிட்டேன், அப்போ நான் 1600-தானே சார்?' என்று கேட்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டாக்ஃபிஷைக் குறைந்த ரேட்டிங்கில் ஆடச் சொல்லும் வசதியில் இருக்கும் எண்கள், எஞ்சின்கள் தமக்குள் ஆடும் பட்டியலை ஒட்டிப் பொருத்தப்பட்டவை. அது பத்து நகர்த்தல் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டுப் பதினோராவதில் வேண்டுமென்றே ஒரு மட்டமான நகர்த்தலை ஆடும். 1600 ரேட்டிங் மனிதர் அப்படித் தவறமாட்டார். அவர் தவறும் இடங்கள் வேறு. 2020-ல் வெளிவந்த மாயா என்ற நிரல் இந்த வகையில் நல்ல முயற்சி. 1100 முதல் 1900 வரை ஒன்பது நிலைகளில், மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டே பழக்கி, அந்தந்த நிலை மனிதர் எதை ஆடுவார் என்று ஊகிக்க வைத்தார்கள். ரேட்டிங்கை மதிப்பிட வேண்டுமென்றால் 'எஞ்சின் இதை ஆடுமா' என்று கேட்பதைவிட 'எந்த நிலை மனிதர் இதை ஆடுவார்' என்று கேட்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அப்போதும் ஒரு ஆட்டம் போதாது.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். விளையாட்டுப் பக்கத்தில் 'இன்னார் 98 சதவீதத் துல்லியத்தோடு வென்றார்' என்று போடும்போது, எத்தனை நகர்த்தல் ஆட்டம், அதில் எத்தனை மனப்பாட நகர்த்தல், எந்த எஞ்சின் என்று ஒரு வரி சேருங்கள். செயலிகளைப் பற்றி அடுத்த முறை கட்டுரை போட்டால் அவர்கள் மதிப்பிட்ட ஆட்டத்தின் நகர்த்தல்களையும் கூடவே அச்சிடுங்கள். எது மனப்பாடம், எது பதில் வெட்டு, எது சொந்த யோசனை என்று வாசகர்களே கோடு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஒரு செஸ் பயிற்சியாளர், நடுவர்